நரம்பியல் நோயாளியின் அழற்சி மார்க்கர் எண் நம்பும்படி இல்லையா? அறிகுறி பார்த்துப் பிழை தேடும் வழி

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (எம்எஸ்), என்எம்ஓஎஸ்டி (பார்வை நரம்பையும் தண்டுவடத்தையும் தாக்கும் நோய்), கில்லன் பாரே (கை கால் நரம்புகளைத் தாக்கும் நோய்), வலிப்பு, பக்கவாதம் என்று எந்த நோயாளியிடம் எடுத்த சாம்பிளாக இருந்தாலும் சரி, ஐஎல்-6, டிஎன்எஃப் (செல்கள் சிக்னல் அனுப்பச் சுரக்கும் சைட்டோகைன் புரதங்கள்), சிஆர்பி (அழற்சியின்போது கல்லீரல் செய்யும் புரதம்) மாதிரி அழற்சி மார்க்கர்களை அளப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். லேபில் வேலை செய்பவர்கள், பிஎச்டி மாணவர்கள், ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு குழம்பும் இளம் மருத்துவர்கள் எல்லாருக்கும் ஏதாவது ஒரு பகுதி பயன்படும்.

எண் விசித்திரமாக வந்ததும் பலரும் முதலில் சந்தேகப்படுவது அளக்கும் கிட்டைத்தான். புதுக் கிட்டைப் பிரித்து அதே சாம்பிளை மறுபடி ஓட்டுவார்கள். ஆனால் பிழை பெரும்பாலும் நோயாளியின் கட்டிலுக்கும் லேபின் ஃப்ரீசருக்கும் நடுவிலேயே நடந்து முடிந்திருக்கும். அப்படிப்பட்ட சாம்பிளை எத்தனை தடவை ஓட்டினாலும் அதே தப்பான எண்தான் வரும், ரெண்டு தடவை ஒரே மாதிரி வந்துவிட்டதே என்று நம்பிக்கை வேறு கூடிப்போகும். அதோடு முதுகுத்தண்டு நீரை நோயாளி முதுகில் ஊசி குத்தக் கொடுத்துத் தந்திருக்கிறார், இன்னொரு முறை கேட்க நமக்கு மனசும் வராது, பல நேரம் நியாயமும் இருக்காது. யோசிக்காமல் ஒரு சாம்பிள் குப்பியை உருக்கி வீணாக்க வேண்டாம்.

அதனால் ரீரன் போடும் முன் இவற்றை ஒரு தாளில் எழுதி வையுங்கள்: நோயாளி என்னென்ன மருந்து, சத்து மாத்திரை சாப்பிடுகிறார், கடைசி ஸ்டீராய்டு அல்லது ஐவிஐஜி (தானம் தந்தவர்களின் ரத்தத்திலிருந்து எடுத்து ரத்தக்குழாயில் ஏற்றும் ஆன்டிபாடி மருந்து) எப்போது, சாம்பிள் எத்தனை மணிக்கு எடுத்தது, எந்த டியூப், எத்தனை மணிக்குச் சென்ட்ரிஃபியூஜில் சுழற்றினார்கள், எப்போது மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசருக்குள் போனது, இதுவரை எத்தனை தடவை உருகி உறைந்திருக்கிறது. இதில் பாதிக்கு மேல் தெரியவில்லை என்றால் வார்டுக்குப் போன் போட்டுக் கேளுங்கள், கீழே வரும் ஒவ்வொரு அறிகுறிக்கும் இந்தத் தகவல் வேண்டியிருக்கும்.

ஐஎல்-6 மிக அதிகம், சிஆர்பி கிட்டத்தட்ட ஒன்றுமில்லை

எனக்கு வரும் கேள்விகளில் இதுதான் முக்கியமானது, ஏனென்றால் இதைத் தப்பாகப் படித்தால் நோயாளிக்கு நேரடியாகக் கேடு வரும்.

முதலில் மருந்துப் பட்டியலைப் பாருங்கள். டோசிலிசுமாப் அல்லது சாட்ராலிசுமாப் இருக்கிறதா? இரண்டும் ஐஎல்-6-இன் ரிசெப்டரை (செல்லில் அது ஒட்டும் இடத்தை) அடைப்பவை. சாட்ராலிசுமாபுக்கு 2020-இல் அக்வாபோரின்-4 ஆன்டிபாடி உள்ள என்எம்ஓஎஸ்டி நோயாளிகளுக்காக அனுமதி கிடைத்தது, டோசிலிசுமாபை ஜெயன்ட் செல் ஆர்ட்டிரைட்டிஸுக்கும் (தலைத் தமனிகளின் அழற்சி) கொடுக்கிறார்கள். ரத்தத்தில் இருக்கும் ஐஎல்-6 அந்த ரிசெப்டர் வழியாகத்தான் பெருமளவு வெளியேறுகிறது, வழியை அடைத்துவிட்டால் ஐஎல்-6 ரத்தத்திலேயே தேங்கி எண் ஏறும். அதே சமயம் கல்லீரலுக்குச் சிஆர்பி செய்யச் சொல்லும் ஐஎல்-6 சிக்னல் போய்ச் சேராது, அதனால் சிஆர்பி தரைமட்டத்துக்குப் போய்விடும். ஆக, இந்த மருந்தில் இருப்பவருக்கு ஐஎல்-6 ஏறியிருப்பது அழற்சி கூடியதற்கு அடையாளம் ஆகாது, சிஆர்பி குறைவாக இருப்பது தொற்று இல்லை என்பதற்கும் அடையாளம் ஆகாது. ரெண்டாவது பாதிதான் ஆபத்தானது. நிமோனியாவோடு வந்தவருக்கும் சிஆர்பி சாதாரணமாகக் காட்டலாம், ஜெயன்ட் செல் ஆர்ட்டிரைட்டிஸ் திரும்பி வந்து பார்வை போகிற நிலையிலும் காட்டலாம். இந்த நோயாளியின் ரிப்போர்ட்டில் ஐஎல்-6, சிஆர்பி இரண்டுக்கும் பக்கத்தில் மருந்தின் பெயரைக் குறிப்பாக எழுதி அனுப்புங்கள், சும்மா எண்ணை மட்டும் அனுப்பாதீர்கள்.

அந்த மருந்து இல்லை என்றால் நேரத்தைப் பாருங்கள். ஐஎல்-6 வேகமாக ஏறி வேகமாக இறங்கும், சிஆர்பி ஏறத் தொடங்கவே 6 முதல் 12 மணி நேரம் ஆகும், உச்சத்துக்குப் போக ஏறத்தாழ 48 மணி நேரம், அப்புறம் பாதியாக இறங்க சுமார் 19 மணி நேரம். உடல் முழுக்க வெட்டி இழுக்கும் வலிப்பு வந்து சில மணி நேரத்துக்குள் ரத்தம் எடுத்தால் ஐஎல்-6 உயர்ந்தும் சிஆர்பி அசையாமலும் இருப்பது எதிர்பார்க்க வேண்டியதுதான். வலிப்பில் தசை அவ்வளவு வேலை செய்கிறது, தசையே ஐஎல்-6-ஐ வெளியிடும். வலிப்பு நோயாளிகளை ஆய்வில் சேர்க்கிறவர்கள் கடைசி வலிப்பு வந்த நேரத்தைக் குறிக்காமல் ரத்தம் எடுத்திருந்தால் அந்த எண்ணை வைத்து எதுவும் சொல்லக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

இரண்டும் பொருந்தவில்லை என்றால் ஆன்டிபாடி குறுக்கீடாக இருக்கலாம். கடைசிப் பகுதிக்குப் போங்கள்.

எதிர்பார்த்ததைவிட எல்லாமே குறைவு

நோயாளி படுக்கையில் தீவிரமாகக் கிடக்கிறார், சைட்டோகைன்கள் மட்டும் ஆரோக்கியமான ஆளுடையது போல இருக்கின்றன. பெரும்பாலும் காரணம் ஸ்டீராய்டு. ஒரு நாளைக்கு 1 கிராம் மெதைல்பிரெட்னிசோலோன், 3 முதல் 5 நாள் என்று போகும்போது முதல் டோஸுக்குப் பிறகு எடுத்த ரத்தமும் முதல் டோஸுக்கு முன் எடுத்த ரத்தமும் ஒரே ஆய்வுக்குள் ஒரே குழுவாக இருக்கக் கூடாது. இரவில் அட்மிட் ஆனவருக்கு அவசரமாக முதல் டோஸ் போய்விடும், ஆய்வு சாம்பிள் காலையில் எடுக்கப்படும், இப்படித்தான் கலந்துவிடுகிறது. டோஸ் ஏறிய நேரத்தை நர்சிங் சார்ட்டில் பாருங்கள், டிஸ்சார்ஜ் சம்மரியில் அது இருக்காது.

அடுத்து பயோட்டின் என்ற வைட்டமின். இதைக் கேட்க மறந்துவிடுகிறோம். முடி உதிர்கிறது என்று பலர் 5 அல்லது 10 மில்லிகிராம் மாத்திரை சாப்பிடுகிறார்கள், உடம்புக்குத் தேவையானதோ நாளைக்கு 30 மைக்ரோகிராம் அளவுதான். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸில் கதை இன்னும் பெரியது: முற்றும் வகை எம்எஸ்ஸுக்கு நாளைக்கு 300 மில்லிகிராம் பயோட்டின் கொடுத்துப் பெரிய சோதனைகளே நடந்தன, 2020-இல் வெளிவந்த பெரிய சோதனையில் பலன் தெரியவில்லை. ஆனாலும் இன்னும் சாப்பிடுபவர்கள் இருக்கலாம். ஸ்ட்ரெப்டாவிடினும் (பயோட்டினைப் பிடித்துக்கொள்ளும் புரதம்) பயோட்டினும் சேர்ந்து இயங்கும் கிட்டில், ரத்தத்தில் மிதக்கும் கூடுதல் பயோட்டின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். சாண்ட்விச் வகை கிட்டில் (இரண்டு ஆன்டிபாடிகள் மார்க்கரை நடுவில் பிடிப்பது) எண் பொய்யாகக் குறையும், போட்டி வகையில் (சாம்பிளின் மார்க்கரும் கிட்டின் மார்க்கரும் ஒரே ஆன்டிபாடிக்குப் போட்டியிடுவது) பொய்யாகக் கூடும். அமெரிக்காவின் எஃப்டிஏ 2017-இலேயே இதைப் பற்றி எச்சரிக்கை விட்டது. கிட்டின் கையேட்டில் ஸ்ட்ரெப்டாவிடின் என்ற சொல் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள், இருந்தால் நோயாளியிடம் நேராகவே கேளுங்கள். மருந்து சாப்பிடுகிறீர்களா என்று கேட்டால் இல்லை என்பார், முடிக்கு, நகத்துக்கு, சத்துக்கு ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று கேட்டால்தான் வெளியே வரும். சிறிய டோஸ் என்றால் ஒரு நாள் நிறுத்திவிட்டு எடுத்தால் போதும், 300 மில்லிகிராம் அளவில் சாப்பிடுபவர் என்றால் அவருடைய மருத்துவரிடம் பேசிச் சில நாள் இடைவெளி விட்டு எடுக்க வேண்டும்.

மூன்றாவதாக, எண் உண்மையிலேயே மிக மிக அதிகமாக இருந்து குறைவாகக் காட்டுவதும் உண்டு. ஒரே கட்டத்தில் எல்லாவற்றையும் கலக்கும் சாண்ட்விச் கிட்டில் மார்க்கர் அளவுக்கு மீறி இருந்தால் இரண்டு ஆன்டிபாடிகளும் தனித்தனியாக நிரம்பிவிடும், நடுவில் பாலம் அமையாது. பாக்டீரியா மூளைக்காய்ச்சலில் முதுகுத்தண்டு நீரின் ஐஎல்-6 ஆயிரக்கணக்கான பிகோகிராமுக்குப் போகும், அங்கே இதை எதிர்பாருங்கள். 10 மடங்கு, 100 மடங்கு கரைத்து ஓட்டுங்கள். கரைத்த மடங்கால் பெருக்கிக் கணக்குப் போட்ட பிறகு எண் ஏறிக்கொண்டே போனால் இதுதான் காரணம்.

ஐஎல்-8, சிடி40 லிகாண்ட், விஇஜிஎஃப், பிடிஎன்எஃப் எல்லாம் எல்லாருக்கும் உயர்வு

இந்த நான்கு மார்க்கர்களும் நோயாளி, கன்ட்ரோல் (ஒப்பிட எடுத்தவர்) என்ற வித்தியாசமே இல்லாமல் ஏறியிருந்தால் டியூபைப் பாருங்கள். இவற்றில் கடைசி மூன்றும் பிளேட்லெட்டுக்குள் நிறைய இருக்கின்றன. சீரம் டியூபில் ரத்தம் உறையும்போது பிளேட்லெட்டுகள் உள்ளே இருப்பதைக் கொட்டிவிடும், நீங்கள் அளப்பது நோயாளியின் உடம்பில் நடப்பதை இல்லை, டியூபுக்குள் நடந்ததை. ஈடிடிஏ பிளாஸ்மாவுக்கு (ரத்தம் உறையாமல் தடுக்கும் டியூபில் எடுப்பது) மாறுங்கள். ஆனால் பிளாஸ்மாவும் தப்பிக்காது: ஒரு தடவை மட்டும் மெதுவாகச் சுழற்றினால் பிளேட்லெட்டுகள் மேலேயே நிற்கும், உறைந்து உருகும்போது அவை வெடித்து அதே பிரச்சினையைக் கொண்டுவரும். இந்த மார்க்கர்கள்தான் உங்கள் முக்கியக் கேள்வி என்றால் இரண்டு தடவை சுழற்றுங்கள்.

ஐஎல்-8 மட்டும் தனியாக ஏறியிருந்தால் தாமதம்தான் முதல் சந்தேகம். பிரிக்காத ரத்தம் அறை வெப்பத்தில் நிற்க நிற்க வெள்ளணுக்கள் அதை உற்பத்தி செய்துகொண்டே இருக்கும். சீரம் என்றால் அரை மணி நேரம் உறைய விட்டு, ஒரு மணி நேரத்துக்கு மேல் தள்ளிப்போடாமல் சுழற்றுங்கள். சாம்பிள் எடுத்த நேரத்தையும் சுழற்றிய நேரத்தையும் கழித்து, அந்த இடைவெளிக்கு எதிராக ஐஎல்-8-ஐ ஒரு கிராஃபில் போட்டுப் பாருங்கள். கோடு மேலே ஏறினால் பதில் கிடைத்துவிட்டது. ஹெப்பாரின் டியூப் வேண்டாம், சில நேரம் அதில் இருக்கும் துளி எண்டோடாக்சினே செல்களைத் தூண்டிவிடும்.

சிஆர்பி அதிகம், நரம்பு நோயில் எந்த மாற்றமும் இல்லை

சிறுநீர்க் குழாய் போட்டிருக்கிறாரா, படுக்கைப்புண் இருக்கிறதா, விழுங்கச் சிரமப்படுகிறாரா என்று பாருங்கள். பக்கவாதத்துக்குப் பிறகு உணவு மூச்சுக்குழாயில் இறங்கி வரும் நிமோனியா, தண்டுவட நோயாளிகளின் சிறுநீர்த் தொற்று, இவைதான் வழக்கமான காரணங்கள். உடல் எடையும் கணக்கில் வேண்டும், கொழுப்புத் திசு தானே ஐஎல்-6 சுரந்து சிஆர்பியைச் சற்று உயர்த்தியே வைக்கும். மூளை அழற்சியைச் சிஆர்பியை வைத்து மட்டும் யாரும் முடிவு செய்ய வேண்டாம், மூளைக்குள் எம்எஸ் தீவிரமாக இருக்கும்போதும் அது சாதாரணமாக இருக்கக்கூடும்.

ஈஎஸ்ஆர் மட்டும் ஏறியிருக்கிறது

ஈஎஸ்ஆர் என்பது சிவப்பணுக்கள் டியூபில் எவ்வளவு வேகமாகப் படிகின்றன என்ற அளவு. ஐவிஐஜி போட்டதா என்று கேளுங்கள். கில்லன் பாரே, சிஐடிபி (நாள்பட்ட நரம்பு அழற்சி), மயஸ்தீனியா (தசை பலவீனம் தரும் நோய்) நோயாளிகளுக்கு அது வழக்கமான மருந்து, கூடுதல் இம்யூனோகுளோபுலின் சிவப்பணுக்களை அடுக்கடுக்காக ஒட்டவைத்து ஈஎஸ்ஆரை ஏற்றிவிடும். மேலே சொன்ன ஐஎல்-6 மருந்துகள் இல்லாதவருக்குச் சிஆர்பி சாதாரணம் என்றால் பெரும்பாலும் கவலை வேண்டாம். ரத்தசோகையும் ஏற்றும். பிளாஸ்மா மாற்று செய்தவருக்கோ ஃபைப்ரினோஜன் போய்விடுவதால் பொய்யாக இறங்கும்.

ஐவிஐஜி பற்றி இன்னொன்று: அது தானமாகக் கிடைத்த ஆயிரக்கணக்கானவர்களின் ஆன்டிபாடி, போட்ட பிறகு எடுத்த ரத்தத்தில் தொற்று ஆன்டிபாடிகள் பாசிட்டிவ் வந்தால் அது நோயாளியுடையது என்று எடுத்துக்கொள்ள முடியாது. சிலருக்கு அந்த மருந்தே கிருமியில்லா மூளைக்காய்ச்சலைக் கொண்டுவந்து முதுகுத்தண்டு நீரில் செல் எண்ணிக்கையை ஏற்றிவிடும்.

முதுகுத்தண்டு நீரில் எண் அதிகம், ரத்தம் கலந்திருக்குமோ என்று சந்தேகம்

இங்கே கொஞ்சம் கணக்குப் போட வேண்டும், ஏனென்றால் "ரத்தம் கலந்துவிட்டது" என்பதை எல்லாவற்றுக்கும் காரணமாகச் சொல்லிவிடுகிறார்கள்.

ஐரோப்பிய ஆய்வுக் குழுக்கள் 2009-இல் வெளியிட்ட பொது நெறிமுறை ஒரு மைக்ரோலிட்டருக்கு 500 சிவப்பணுவுக்கு மேல் இருந்தால் பயோபேங்க் சாம்பிளாக வைக்க வேண்டாம் என்கிறது. ரத்தத்தில் ஒரு மைக்ரோலிட்டருக்கு சுமார் 50 லட்சம் சிவப்பணு. ஆக 500 என்றால் பத்தாயிரத்தில் ஒரு பங்கு ரத்தம். ரத்தத்தில் ஐஎல்-6 5 பிகோகிராம் என்றால் அதில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு ஒன்றுமே இல்லை, அந்த அளவு கலப்பு முதுகுத்தண்டு நீரின் ஐஎல்-6-ஐ 50-க்கு ஏற்றவே முடியாது. ஆல்புமினுக்கும் ஐஜிஜி ஆன்டிபாடிக்கும் கதை வேறு, அவை முதுகுத்தண்டு நீரைவிட ரத்தத்தில் நூற்றுக்கணக்கான மடங்கு அதிகம், சிறு கலப்பே அந்தக் கணக்கைச் சில சதவீதம் நகர்த்தும், கலப்பு கூடினால் கெடுத்தேவிடும். செல் எண்ணிக்கையும் அப்படித்தான்: 500 முதல் 1000 சிவப்பணுவுக்கு ஒரு வெள்ளணு என்று கழித்துப் பார்ப்பது வழக்கம். பார்க்கின்சன் ஆய்வில் ஆல்ஃபா சைனூக்ளின் அளப்பவர்கள் மட்டும் இன்னும் கறாராக இருங்கள், அது சிவப்பணுவுக்குள்ளேயே ஏராளமாக இருக்கிறது. எந்த மார்க்கர் என்று பார்த்து முடிவு செய்யுங்கள், ஒரே கத்தியால் எல்லாவற்றையும் வெட்ட வேண்டாம்.

ரத்தக் கலப்பு இல்லை என்றால் அடுத்த கேள்வி தடுப்புச்சுவர். மூளைக்கும் ரத்தத்துக்கும் நடுவில் இருக்கும் தடுப்பு தளர்ந்திருந்தால் ரத்தத்தில் இருப்பது கசிந்து வரும். முதுகுத்தண்டு நீர் ஆல்புமினைச் சீரம் ஆல்புமினால் வகுத்துப் பாருங்கள். வயதை 15-ஆல் வகுத்து 4 கூட்டினால் அந்த வயதுக்கான உச்ச எல்லை, ஆயிரத்தில் எத்தனை என்ற கணக்கில் கிடைக்கும். 60 வயதுக்காரருக்கு 8, 30 வயதுக்காரருக்கு 6. எல்லாருக்கும் ஒரே எல்லை வைத்தால் வயதானவர்கள் எல்லாருக்கும் தடுப்பு உடைந்ததாகத் தோன்றும். ஐஎல்-6 ஆல்புமினைவிடப் பாதிக்கும் குறைவான எடை கொண்டது, சுலபமாகக் கசியும். அதனால் ஒரே நேரத்தில் ரத்தமும் எடுத்திருக்க வேண்டும். முதுகுத்தண்டு நீரில் இருப்பது அதே நேரச் சீரத்தைவிட அதிகம் என்றால் அது கசிந்து வந்திருக்க முடியாது, உள்ளேயே உற்பத்தியாகிறது. ஜோடி ரத்தம் எடுக்காமல் விட்ட ஆய்வுகளைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும், முதுகில் குத்துவதற்குச் சம்மதித்த நோயாளி கையில் குத்தவும் சம்மதித்திருப்பார்.

செல் எண்ணிக்கை குறைவாக வருகிறது என்றால் தாமதம்தான். அறை வெப்பத்தில் ரெண்டு மணி நேரத்தில் நியூட்ரோஃபில்கள் ஏறத்தாழப் பாதியாகிவிடும். ஒரு மணி நேரத்துக்குள் எண்ணிவிடுங்கள்.

முதுகுத்தண்டு நீரில் எல்லாம் அளவெல்லைக்குக் கீழே

ஐஎல்-1 பீட்டா, டிஎன்எஃப் மாதிரியானவை அங்கே ஒரு பிகோகிராமுக்கும் கீழே இருப்பது சாதாரணம், வழக்கமான எலிசா (ஆன்டிபாடி வைத்து அளக்கும் சாதாரண கிட் முறை) அதைப் பார்க்காது. சிமோவா மாதிரி நுண்ணிய முறைக்குப் போங்கள், இல்லையென்றால் கேள்வியை மாற்றுங்கள். அதற்கு முன் சேகரித்த டியூப் பாலிப்ரோப்பிலீனா என்று உறுதி செய்யுங்கள். முதுகுத்தண்டு நீரில் புரதம் மிகக் குறைவு, சுவரில் ஒட்டிக்கொள்வதைத் தடுக்க வேறு புரதம் இல்லாததால் பாலிஸ்டைரீனிலும் கண்ணாடியிலும் மார்க்கர்கள் ஒட்டிப்போகும், அல்சைமர் மார்க்கரான அமிலாய்டு பீட்டா 42 இதில் பேர் போனது.

சீரத்துக்கென்று செய்த கிட்டை அப்படியே இங்கே பயன்படுத்தினால் இன்னொரு சிக்கல். தெரிந்த அளவு ஐஎல்-6-ஐ ஒரு சாம்பிளில் சேர்த்து ஓட்டிப் பாருங்கள், 80 முதல் 120 சதவீதம் திரும்பக் கிடைத்தால் சரி. 50 சதவீதம்தான் கிடைக்கிறது என்றால் கரைக்கும் திரவத்தை மாற்ற வேண்டும், அதுவரை வந்த எண்களை நம்ப வேண்டாம்.

எல்லைக்குக் கீழே இருப்பவற்றைப் பூஜ்யம் என்று எழுதாதீர்கள், அழிக்கவும் செய்யாதீர்கள். கொஞ்சம்தான் என்றால் எல்லையை இரண்டின் வர்க்கமூலத்தால் வகுத்து வைக்கலாம். பாதிக்கு மேல் கீழே போய்விட்டால் சராசரி என்ற பேச்சே வேண்டாம், தெரிந்தது, தெரியவில்லை என்று இரண்டாகப் பிரித்து எழுதுங்கள்.

ஒரே சாம்பிள், ரெண்டு வெல், ரெண்டு எண்

பிளேட்டின் ஓரத்து வெல்களில் (குழிகளில்) மட்டுமா? குளிர்ந்த பிளேட்டை நேராக வெப்பத்தில் வைத்திருப்பீர்கள், அறை வெப்பத்துக்கு வந்த பிறகு தொடங்குங்கள். ஆங்காங்கே என்றால் உருகிய பிளாஸ்மாவில் மிதக்கும் ஃபைப்ரின் துணுக்கு பிப்பெட்டை அடைத்திருக்கும், ஒவ்வொரு சாம்பிளையும் கலக்கி, மறுபடி சுழற்றி, மேலிருந்து எடுங்கள். ஸ்டாண்டர்ட் கர்வின் (எண்ணைக் கணிக்கும் வளைகோட்டின்) அடிப்பகுதியில் மட்டும் என்றால் அது கிட்டின் எல்லை, அங்கே எண்ணுக்கு அர்த்தம் குறைவு.

நோயாளிக்கும் கன்ட்ரோலுக்கும் வித்தியாசம் அளவுக்கு மீறி அழகாக இருக்கிறது

நோயாளிகள் எல்லாம் ஒரு பிளேட்டிலும் கன்ட்ரோல்கள் எல்லாம் இன்னொன்றிலும் ஓடியதா? அப்படி என்றால் நீங்கள் பார்ப்பது பிளேட்டுகளின் வித்தியாசமாக இருக்கலாம். ஒவ்வொரு பிளேட்டிலும் இரண்டு குழுவையும் கலந்து வையுங்கள், ஒரே பொதுச் சாம்பிளை எல்லாப் பிளேட்டிலும் ஓட்டுங்கள். நோயாளி சாம்பிள் ஐந்து வருடம் ஃப்ரீசரில் இருந்து, கன்ட்ரோல் போன மாதம் எடுத்தது என்றாலும் இதே கதைதான். வயதையும் ஒப்பிடுங்கள். கூடவே நியூரோஃபிலமென்ட் (நரம்புச் சேதத்தைக் காட்டும் புரதம்) அளப்பவர்கள் சிறுநீரகத்தையும் எடையையும் பாருங்கள், வயதும் சிறுநீரகக் குறைபாடும் அதை ஏற்றும், அதிக எடை இறக்கும்.

போன வருட எண்ணோடு இந்த வருட எண் பொருந்தவில்லை

கிட்டின் லாட் (தயாரிப்புத் தொகுதி) மாறியதா, கருவியே மாறியதா என்று பாருங்கள். வெவ்வேறு நிறுவனக் கிட்கள் ஐஎல்-6-க்கு ஒரே எண்ணைத் தராது, பிகோகிராம் என்று போட்டிருப்பதால் மட்டும் ஒப்பிட முடியாது. ஒலிங்க் நிறுவனத்தின் முறை தரும் என்பிஎக்ஸ் எண் இன்னும் வேறு, அது ஒப்பீட்டு அளவு, ஒரு யூனிட் கூடினால் ஏறத்தாழ இரு மடங்கு என்று பொருள். சைட்டோகைன்களுக்கு உலக சுகாதார அமைப்பின் சர்வதேச ஸ்டாண்டர்டுகள் உண்டு, பிரிட்டனின் உயிரியல் ஸ்டாண்டர்டு மையமான என்ஐபிஎஸ்சி அவற்றைத் தருகிறது, பல வருடம் ஓடப்போகும் ஆய்வு என்றால் அதை வாங்கி உங்கள் கிட்டை அதற்கு எதிராக ஒருமுறை அளந்து வையுங்கள். லாட் மாறும்போது பழைய சாம்பிள் கொஞ்சத்தை ரெண்டு லாட்டிலும் ஓட்டுங்கள்.

மேலே சொன்ன எதுவும் இல்லை, எண் மட்டும் நோயாளியோடு ஒட்டவில்லை

அப்போது ஆன்டிபாடி குறுக்கீடு. சிலருடைய ரத்தத்தில் விலங்கு ஆன்டிபாடிகளைப் பிடிக்கும் ஆன்டிபாடி இருக்கும், ருமடாய்டு ஃபேக்டரும் இதையே செய்யும், கிட்டின் இரண்டு ஆன்டிபாடிக்கும் நடுவில் மார்க்கர் இல்லாமலேயே பாலம் போட்டுவிடும். சாம்பிளை 2, 4, 8 மடங்கு கரைத்து ஓட்டுங்கள், கணக்குப் போட்ட எண்கள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்றால் சந்தேகம் உறுதி. தடுப்பு ரீஏஜன்ட் சேர்த்து ஓட்டினால் எண் விழுந்துவிடும். அதே நோயாளியின் ஐஎல்-6, டிஎன்எஃப், ஐஎல்-10 எல்லாம் ஒரே மாதிரி உயர்ந்திருப்பதும் ஒரு தடயம், எதையும் அளக்காமல் எல்லாவற்றிலும் ஒட்டுகிற ஆன்டிபாடிதான் அப்படிச் செய்யும். வேறு நிறுவனத்தின் கிட்டில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். அங்கே சாதாரணமாக வந்தால் முதல் எண்ணை ரிப்போர்ட்டிலிருந்து எடுத்துவிட்டு, குறுக்கீடு என்று எழுதி, சிகிச்சை பார்க்கும் மருத்துவரிடம் போனிலும் சொல்லிவிடுங்கள், ஏனென்றால் இந்த நோயாளியின் அடுத்த சாம்பிளும் அதே கிட்டில் இதே மாதிரிதான் வரும்.